சொலினொய்ட் போடலாமா? விதித்தாளை வாசிக்கப் பழகுங்கள்

தேயிலைப் பெக்டரியில் மின்காந்தம் வேலை செய்வதைக் காதாலேயே கேட்கலாம். கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடிகளைப் போடும்போது மின்பலகைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது கொன்டக்டர். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அது இரும்பை இழுத்து, பெரிய மோட்டாருக்கான சுற்றை இணைக்கிறது. தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தில், வேண்டாத தண்டைக் காற்றால் ஊதித் தள்ளுவது சின்னச் சின்ன சொலினொய்ட் வால்வுகள். ரோலர் தேய்ந்து தூளில் கலந்த இரும்புத் துகளைப் பிடித்து எடுப்பதும் காந்தம்தான்.

ஆகவே மலையகத்தில் டயகமவிலோ அக்கரப்பத்தனையிலோ படிக்கும் பிள்ளைக்கு மின்காந்தம் தூரத்துப் பொருள் இல்லை. அப்பாவோ மாமாவோ தினமும் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். ரோபோப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும், பொருளைத் தூக்க ஒரு மின்காந்தம், பந்தைத் தள்ள ஒரு சொலினொய்ட் என்று யோசனை ஓடுவது இயல்பு.

சிக்கல் பரிசோதனை மேசையில் வருகிறது. இரவு பஸ்ஸில் மலையிறங்கி, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு கொழும்பு வந்து சேர்ந்த அணியிடம், "இந்தப் பாகத்துக்கு அனுமதி இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் மாற்றுப் பாகம் வாங்கக் காசும் இருக்காது, மாற்றிப் பொருத்த நேரமும் இருக்காது. நன்றாக ஓடும் ரோபோ களத்துக்குப் போகாமலே திரும்பும். பெரும்பாலும் இதற்குக் காரணம் விதித்தாளை வாசித்த விதம்தான். வாசிப்பை யாரும் பழகிக்கொள்ளலாம். பழகியவருக்கு அது பிறகு சம்பளம் தரும் திறமையாகவும் ஆகும். இரண்டையும் இங்கே பார்ப்போம்.

முதலில் சொற்களைப் பிரியுங்கள்

உயர்தர பௌதிகவியல் பாடத்தில் சொலினொய்டை வரிச்சுருள் என்று படிக்கிறோம். போட்டி விதியில் அந்த ஒரே சொல் குறைந்தது இரண்டு பொருள்களைக் குறிக்கும்.

ஒன்று, சொலினொய்ட் அக்சுவேட்டர். சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். மின் கொடுத்ததும் தண்டு உள்ளே இழுபடும் அல்லது வெளியே தள்ளும். ரோபோவின் ஓர் உறுப்பை அதுவே நேராக அசைக்கிறது.

மற்றது, சொலினொய்ட் வால்வு. இதிலும் சுருளும் தண்டும் உண்டு. ஆனால் தண்டு காற்றுக் குழாயின் வழியைத் திறந்து மூடுவதோடு சரி. உறுப்பை அசைப்பது கொம்பிரசரிலிருந்து வரும் காற்று. பெக்டரியில் தேயிலைத் தண்டை ஊதித் தள்ளுவது இந்த வகை.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் பாகங்கள் இன்னும் இரண்டு உண்டு. மூன்றாவது, பிடித்து வைக்கும் மின்காந்தம். இதில் அசையும் பாகமே இல்லை. மின் இருக்கும்வரை இரும்பைப் பிடிக்கும், நின்றதும் விட்டுவிடும்.

நான்காவது, நிலைக்காந்தம். இதற்கு மின் தேவையில்லை. அதனாலேயே அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினாலும் பிடியை விடாது.

வரிச்சுருள் என்று படித்த பழக்கத்தில் இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால், வால்வுக்கு எழுதிய விதியை அக்சுவேட்டருக்குப் பொருத்திவிடுவோம். விதித்தாளில் அந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் "இது எந்த வகை?" என்று எழுதுங்கள். மேலேயுள்ள தலைப்பையும் பாருங்கள். காற்றழுத்தப் பகுதியில் வந்தால் அது வால்வு. மோட்டார்ப் பகுதியில் வந்தால் அது அக்சுவேட்டர்.

ஒரே பாகம், மூன்று போட்டிகள்

1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டி உயர்நிலைப் பள்ளி மாணவருக்கானது. அங்கே அனுமதிக்கப்பட்ட மோட்டார்களுக்கும் அக்சுவேட்டர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. சொலினொய்ட் அக்சுவேட்டர் அதில் இருக்கிறது, நிபந்தனையோடு: தண்டின் ஓட்டம் 1 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, 12 வோல்ற்றில் தொடர்ந்து இயங்கும் நிலைக்குக் குறிக்கப்பட்ட மின்வலு 10 வாற்றைத் தாண்டக்கூடாது. அணிகள் தாமே செய்யும் மின்சுற்று 24 வோல்ற்றுக்கு மேல் உண்டாக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. சொலினொய்ட் வால்வுக்கான விதிகளோ காற்றழுத்தப் பகுதியில் தனியாக இருக்கின்றன.

ரோபோகப் ஜூனியர் கால்பந்து வேறு உலகம். அங்கே பந்தை உதைக்கும் 'கிக்கர்' பெரும்பாலும் சொலினொய்ட்தான். ரோபோவின் மற்றச் சுற்றுகளுக்கு வோல்ற்றளவு எல்லை வைத்துவிட்டு, வோல்ற்றளவை உயர்த்தும் சுற்றைக் கிக்கருக்கு மட்டும் விதி அனுமதித்திருக்கிறது. அதற்குப் பதிலாக, உதை எவ்வளவு பலமானது என்று அளக்க ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். பாகத்தின் வாற்றைக் கட்டுப்படுத்துவதற்குப் பதில் விளைவைக் கட்டுப்படுத்தும் முறை இது. எதிரணி ரோபோவுக்குக் காந்த இடையூறு கொடுக்கக்கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. திசையறிய மின்னணுத் திசைகாட்டி வைத்த ரோபோ, பக்கத்திலுள்ள பலமான சுருளால் தடுமாறிப்போகும் என்பதை நினைத்தால் அந்த விதியின் நியாயம் புரியும்.

பல்கலைக்கழக அணிகள் மோதும் ஏபியூ ரோபோகொன் 2002இல் டோக்கியோவில் தொடங்கியது. இலங்கை அணிகளும் அதில் பங்கேற்றிருக்கின்றன. 2016இல் பேங்கொக்கில் நடந்தபோது, இரண்டு ரோபோக்களில் ஒன்றுக்குத் தன்னை ஓட்டும் மோட்டார் வைக்க அனுமதியில்லை. மற்ற ரோபோவிடமிருந்து காற்றாலோ காந்த விசையாலோ மறைமுகமாகத் தள்ளுவிசையைப் பெற வேண்டும். பல போட்டிகளில் பரிசோதகரை யோசிக்க வைக்கும் காந்தம், அந்த ஆண்டு விதி எழுதியவர்களே காட்டிய வழிகளில் ஒன்றாக இருந்தது.

"சொலினொய்ட் போடலாமா?" என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது. எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் தர முடியாது. மொரட்டுவப் பல்கலைக்கழக மாணவர் நடத்தும் இலங்கை ரோபோ சவால், ஸ்லிட் நிறுவனத்தின் ரோபோஃபெஸ்ட் போன்ற உள்நாட்டுப் போட்டிகளுக்கும் அவரவர் விதித்தாள் உண்டு. போன வருடம் போன அண்ணா சொன்னதை நம்பிப் பாகம் வாங்காதீர்கள். இந்த வருடத் தாளை இறக்கி, அச்சடித்து, அதை வாசியுங்கள்.

பட்டியல் மூடியதா, திறந்ததா?

விதித்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அதைக் கண்டு தயங்க வேண்டாம். விதியின் ஆங்கிலத்தில் அலங்காரம் இருக்காது. பத்துப் பதினைந்து சொற்களைச் சரியாகப் பிடித்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் தேட வேண்டிய சொல் 'ஒன்லி'. "இவை மட்டுமே அனுமதி" என்றால் பட்டியல் மூடியது. அதில் இல்லாததற்கு இடமில்லை. "இவை தடை" என்று மட்டும் இருந்தால் பட்டியல் திறந்தது. அதில் இல்லாதது, வேறு விதி தடுக்காதவரை, பெரும்பாலும் சரி. 'ஷல்', 'மஸ்ட்' இரண்டும் கட்டாயம். 'மே' வந்தால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். 'மே நொட்' வந்தால் செய்யவே கூடாது. 'எக்செப்ட்' வந்தால் நின்று, அந்த விலக்கு எதுவரை நீள்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது சொற்பொருள் பகுதி. தாளின் கடைசியில் கிடக்கும் அந்தப் பக்கத்தைப் பலர் திருப்பிப் பார்ப்பதேயில்லை. பெரிய எழுத்தில் அச்சான சொல்லுக்கு அந்தப் போட்டிக்கென்று தனிப் பொருள் இருக்கும். அங்கே பொருள் தரப்படாத சொல்லுக்கு, வழக்கமாக எல்லோரும் கொள்ளும் பொருளையே எடுக்க வேண்டும்.

ஃபர்ஸ்ட் போட்டிக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது: எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள், எழுதியவரின் மனதில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்காதீர்கள், பழைய ஆண்டு விதியை இதற்குள் கொண்டுவராதீர்கள். நான் இதை மிகப் பெரிய நியாயமாகப் பார்க்கிறேன். கொழும்பில் பயிற்றுநர் வைத்துப் படிக்கும் அணிக்கும், லயத்துக் காம்பிராவில் உட்கார்ந்து தாளைப் புரட்டும் அணிக்கும் முன்னால் இருப்பது ஒரே எழுத்து. முழுவதையும் வாசித்தவருக்கு முழுவதும் தெரியும்.

எண்ணைத் தனியாக வாசிக்காதீர்கள்

10 வாற்று என்ற எல்லையை எடுத்துக்கொள்வோம். கடையில் ஒரு சொலினொய்ட் கிடைக்கிறது. மல்டிமீட்டரில் சுருளின் தடை 10 ஓம் காட்டுகிறது. 12 வோல்ற்றை 10ஆல் வகுத்தால் 1.2 அம்பியர். 12ஐ 1.2ஆல் பெருக்கினால் 14.4 வாற்று. எல்லையைத் தாண்டிவிட்டது. தடை 15 ஓம் என்றால் 0.8 அம்பியர், 9.6 வாற்று. உள்ளே வருகிறது. 12 வோல்ற்றில் 10 வாற்றுக்குள் நிற்க, சுருள் 14.4 ஓமுக்குக் குறையக்கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. அளவீடு உங்கள் முதல் வடிகட்டி. பரிசோதகருக்குக் காட்ட வேண்டியது தயாரிப்பாளர் குறித்த அளவு.

இப்போது ஒரு நுட்பமான வாதம். "எங்கள் சொலினொய்ட் 24 வாற்றுத்தான். ஆனால் நான்கு வினாடியில் ஒரு வினாடி மட்டும் போடுவோம். சராசரி 6 வாற்று. ஆகவே சரிதானே?" கணக்கு சரி. ஆனால் விதி சராசரியைக் கேட்கவில்லை. தொடர்ந்து இயங்கும் நிலைக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவைக் கேட்கிறது. நீங்கள் எத்தனை வினாடி போடுகிறீர்கள் என்பது உங்கள் புரோகிராமைச் சேர்ந்தது. அது களத்தில் தவறினால் சுருள் வெந்துபோகும். பாகம் தன்னளவில் தாங்குமா என்பதே அந்தச் சொற்கள் கேட்கும் கேள்வி.

ஓட்டத்துக்கும் இதே கதை. 1 அங்குலம் என்பது 25.4 மில்லிமீற்றர். 30 மில்லிமீற்றர் ஓடும் தண்டுக்கு ஒரு வொஷரைப் போட்டு 25இல் நிறுத்தினால் போதுமா? விதி பாகத்தின் பெயரளவு ஓட்டத்தைச் சொன்னால், வொஷர் அதை மாற்றாது. தயாரிப்பாளரின் தாளில் இருப்பது 30தான். எண்ணோடு அலகையும், அலகோடு நிபந்தனையையும், நிபந்தனையோடு "யார் சொன்ன அளவு?" என்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசியுங்கள்.

பெக்டரியிலும் இப்படித்தான். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேயிலையில் இரும்புத் துகளுக்கு ஒரு கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. அந்த எண்ணை மட்டும் சுவரில் எழுதி வைத்தால் பயனில்லை. மாதிரியை எப்படி எடுப்பது, எந்தக் காந்தத்தால் பிரிப்பது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த 150 பொருள் தரும்.

விதி பேசாத இடத்தில்

ஃபர்ஸ்ட் பட்டியலையே மீண்டும் பார்ப்போம். மோட்டார்களுக்கும் அக்சுவேட்டர்களுக்கும் அது மூடிய பட்டியல். பிடித்து வைக்கும் மின்காந்தம் எங்கே சேரும்? அது எதையும் அசைப்பதில்லை, ஆகவே அக்சுவேட்டர் இல்லை, வெறும் மின்சுற்று என்று ஒருவர் வாதிடலாம். இன்னொருவர், "ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்திருந்து, சமயத்தில் விட்டால் கை பாய்கிறதே, அப்போது அது அசைவை உண்டாக்கும் பாகம்தானே?" என்று திருப்பிக் கேட்கலாம். இரண்டிலும் நியாயம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் உங்களுக்குச் சாதகமான வாதத்தை நம்பி மூன்று மாதம் உழைக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "எங்கள் ரோபோ சரியா?" என்று படம் அனுப்பினால், ஃபர்ஸ்ட் போட்டியின் கேள்வி பதில் பகுதி போன்றவை பதில் தராது; வடிவமைப்பைச் சோதித்துத் தருவது தங்கள் வேலையில்லை என்று அவர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். சொல்லின் பொருளைக் கேளுங்கள். இப்படி: "விதி எண் இன்னது, அனுமதிக்கப்பட்ட அக்சுவேட்டர்களின் பட்டியலைத் தருகிறது. அசையும் பாகம் இல்லாத, இரும்பைப் பிடித்து வைக்க மட்டும் பயன்படும் மின்காந்தம் இந்த விதியின்படி அக்சுவேட்டராகக் கொள்ளப்படுமா? இல்லையென்றால், அதற்குப் பொருந்தும் மற்ற விதிகள் எவை?" விதி எண்ணும் பாகத்தின் விவரமும் இருக்கட்டும், ஒரு கேள்வியில் ஒரு விஷயம் போதும். உள்நாட்டுப் போட்டி என்றால் ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் "ஓம், போடலாம்" என்று ஒருவர் சொன்னாலும், அதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விதி விட்டுவைத்த இடத்தைக் கண்டுபிடிப்பது நல்ல எஞ்சினியர் வேலை. கண்டுபிடித்ததை மறைத்துக்கொண்டு பரிசோதனையைக் கடப்பது வேறு. முன்கூட்டிக் கேட்ட அணிக்கு மேசையில் மறைக்க எதுவும் இராது.

பரிசோதனை மேசையில்

பரிசோதகர் உங்களைத் தோற்கடிக்க உட்கார்ந்தவர் இல்லை. அவருக்கு ஒரு பட்டியலும், வெளியே நீண்ட வரிசையும் இருக்கின்றன. அவர் வேலையை இலகுவாக்குங்கள். ஒரு கோப்பில் நான்கு தாள்கள்: பாகத்தின் தரவுத்தாள், அதன் லேபலின் படம், நீங்கள் அளந்த தடையும் கணக்கும், பொருந்தும் விதி எண்ணும் கேள்வி கேட்டிருந்தால் அதன் பதிலும். "சேர், இந்தச் சுருள் 15 ஓம், 12 வோல்ற்றில் 9.6 வாற்று, தரவுத்தாள் இது" என்று அமைதியாகச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொல்லிப் பழகுங்கள். அணியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று கேள்விகள் எப்போதும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின் நின்றால் என்ன ஆகும்? மின்காந்தம் பிடித்திருக்கும் பாரம், அவசர நிறுத்தம் அழுத்தியதும் கீழே விழும். யார் கால்மேல் விழும் என்று நீங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். பாரம் தாங்கும் கொக்கி ஒன்று வைத்திருந்தால் காட்டுங்கள்.

சுருளை நிறுத்தும்போது எழும் மின்தாக்கம் எங்கே போகும்? மின்னோட்டத்தை அறுத்தவுடன் சுருள் எதிர்த்திசையில் பெரிய வோல்ற்றளவை எழுப்பும். சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயி போடாவிட்டால், திரான்சிற்றரோ கட்டுப்பாட்டுப் பலகையோ எரியக்கூடும்.

வோல்ற்றளவை உயர்த்தும் கிக்கர் சுற்று என்றால், அதன் கொள்ளளவியில் எவ்வளவு சக்தி இருக்கிறது? 2,000 மைக்ரோஃபரட் கொள்ளளவி 12 வோல்ற்றில் 0.144 ஜூல் வைத்திருக்கும். அதையே 48 வோல்ற்றுக்கு ஏற்றினால் 2.3 ஜூல். வோல்ற்றளவு நான்கு மடங்கு, சக்தி பதினாறு மடங்கு. ரோபோவை நிறுத்திய பிறகும் அது உள்ளே இருக்கும். மின்னிறக்கும் தடையும் எச்சரிக்கை லேபலும் இல்லாமல் அப்படிப்பட்ட கிக்கரோடு மேசைக்குப் போகாதீர்கள்.

இது எப்படிச் சம்பளமாகும்?

தொழிற்சாலையில் வால்வு ஒன்று பழுதாகிறது. களஞ்சியத்தில் அதே வடிவில், அதே அளவில் இன்னொன்று இருக்கிறது. ஒன்றின் சுருள் 24 வோல்ற்று நேரோட்டத்துக்கு, மற்றது 230 வோல்ற்று ஆடலோட்டத்துக்கு. லேபலைப் பார்க்காமல் மாற்றிப் பொருத்தினால், ஒன்று எரியும் அல்லது இயங்காது. சில சுருள்களின் மேல் 'ஈடி 100%' என்று எழுதியிருக்கும். தொடர்ந்து மின் கொடுத்தாலும் தாங்கும் என்று பொருள். 'ஈடி 25%' என்றால் நேரத்தில் கால் பங்குக்கு மட்டும்தான். போட்டி விதியில் பார்த்த "தொடர்ந்து இயங்கும் நிலை" பெக்டரி வால்வின் மேலும் அச்சாகியிருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவரைத்தான் மேலாளர் இரவில் அழைப்பார்.

பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர், மின்பலகை செய்பவர், தரப் பரிசோதகர், கேள்விமனுவின் தொழில்நுட்ப விவரங்களைச் சரிபார்ப்பவர் ஆகிய எல்லோருக்கும் அடிப்படை வேலை ஒன்றே: எழுதியிருப்பதையும் கையிலிருக்கும் பொருளையும் ஒப்பிடுவது. வழிகளும் இருக்கின்றன. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 முதல் இருக்கிறது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 1959இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மொரட்டுவையில் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்.வி.கியூ. முதலாம் மட்டத்திலிருந்து ஏழாம் மட்டம்வரை போகிறது. ஏழாவது பட்டத்துக்குச் சமம், இரத்மலானையில் அதற்கென்றே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. நேர்முகத் தேர்வில் "போட்டியில் கலந்துகொண்டேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "விதி 10 வாற்று என்றது, 10 ஓம் சுருளை விட்டுவிட்டு 15 ஓம் சுருளை எடுத்தோம், இதோ கணக்கு" என்று கோப்பைத் திறந்து காட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. கலந்துகொள்ளப்போகும் போட்டியின் இந்த ஆண்டு விதித்தாளை அச்சடியுங்கள். மேலே திகதியை எழுதுங்கள். திருத்தங்கள் வெளிவந்தனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

2. காந்தம், மின்காந்தம், சொலினொய்ட், அக்சுவேட்டர், வால்வு, வோல்ற்றளவு ஆகிய சொற்கள் வரும் எல்லா இடத்தையும் கோடிடுங்கள்.

3. ஒரு கொப்பியில் நான்கு பத்தி போடுங்கள்: விதி எண், அது சொல்வது தமிழில், நம் பாகம், ஆதாரம். நான்காவது பத்தி வெறுமையாக இருக்கும் பாகத்தை வாங்காதீர்கள்.

4. சந்தேகம் வந்த விதிக்கு ஒரு கேள்வி எழுதி, ஆசிரியரிடம் காட்டி, அனுப்புங்கள்.

5. அணியில் ஒருவரைப் பரிசோதகராக உட்கார வைத்து, மற்றவர்கள் பதில் சொல்லிப் பாருங்கள்.

6. பெக்டரியில் வேலை செய்யும் ஒருவரிடம், பழுதாகிக் கழற்றிப் போட்ட கொன்டக்டர் ஒன்றை அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். பக்கத்திலுள்ள லேபலை வாசித்து, ஒவ்வோர் எண்ணும் என்ன சொல்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். தெரியாததை அவரிடமே கேளுங்கள். இருபது வருடம் அந்த 'டக்' சத்தத்தோடு வேலை செய்தவருக்கு, எந்தத் தாளிலும் இல்லாத விஷயமும் தெரிந்திருக்கும்.